மண்டபத்தை எந்தப் பக்கம் திருப்புவது? எங்கள் தாமானுக்குப் போட்ட காற்றுக் கணக்கு

மலேசியாவில் தாமான் என்று சொல்லும் எங்கள் வீடமைப்புப் பகுதியின் மேற்கு எல்லையில் இருக்கும் திடலில் பல்நோக்கு மண்டபம் கட்டுவது என்று குடியிருப்போர் சங்கம் முடிவெடுத்து, வரைபடமும் கைக்கு வந்துவிட்டது. 30 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரம். நீளப் பக்கம் மேற்கைப் பார்த்து நிற்கிறது. கல்யாணம், காரியம், பிள்ளைகளின் டியூஷன் எல்லாவற்றுக்கும் இப்போது கூடாரம் போட்டுத்தான் சமாளிக்கிறோம். அதனால் மண்டபம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் வீடுகளுக்கு வரும் காற்று அந்தத் திடல் வழியாகத்தான் நுழைகிறது. நுழைகிற இடத்தில் 30 மீட்டருக்குச் சுவர் எழுப்பினால் பின்னால் இருக்கும் ஆறு வரிசை வீடுகள் என்ன ஆகும்?

கூட்டத்தில் இதைச் சொன்னதும் தலைவர் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார். "காத்து அடைபடும்னு சொல்றீங்க தம்பி, சரி. எவ்வளவு அடைபடும்? வாயால சொன்னா நகராண்மைக் கழகத்துல எடுபடுமா?"

எடுபடாதுதான். கட்டடங்களுக்குள் குளிர்காற்றைக் கொண்டுபோகும் டக்ட் வடிவமைப்பது என் தொழில். டக்டுக்குள் ஓடும் காற்றைக் கணினியில் ஓட்டிப் பார்த்துப் பழக்கம் உண்டு. அதே கணக்கைத் தாமானுக்கும் போட்டுவிடலாம் என்று இறங்கினேன். பயன்படுத்திய மென்பொருள்கள் எல்லாமே இலவசம், கணினி செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இதேபோல ஒரு தாமானில் இருந்துகொண்டு, இதேபோல ஒரு வரைபடத்தைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்களுக்காக, செய்த வேலையை எழுதி வைக்கிறேன்.

முதலில் காற்றைப் பற்றி. எங்கள் ஊர் புக்கிட் ரோத்தான் பக்கம், கோல சிலாங்கூர் மாவட்டம், சுற்றிலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டம். கித்தா என்னும் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்ட காலத்திலும், பிறகு தோட்டங்கள் கைமாறிய காலத்திலும் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு வந்த குடும்பங்கள்தான் தாமானில் பெரும்பாலும். மேற்கே மலாக்கா நீரிணை. வெயில் ஏறிய பிற்பகலில் தரை சூடாகிக் கடற்காற்று உள்ளே வரும். அது 10 முதல் 15 நாட் வேகத்தில் வீசும், பல பத்து கிலோமீட்டர் உள்நாடு வரை எட்டும் என்று மலேசிய வானிலை ஆய்வுத் துறையே சொல்கிறது. 10 நாட் என்றால் வினாடிக்குச் சுமார் 5 மீட்டர். ஆனால் அது திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளக்கிற வேகம். முற்றிய செம்பனைக் காட்டையும் மதிலையும் கார் நிறுத்தும் முன்கூரையையும் தாண்டி, வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகத்துக்கு வந்து சேரும்போது மிச்சம் எவ்வளவு என்பதே நாம் கண்டுபிடிக்க வேண்டியது.

பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபரில் பொதுவாகவே காற்று மெலிந்துவிடும். நாட்டில் பதிவான உச்ச வெப்பநிலையும் ஓர் ஏப்ரலில்தான் வந்தது: 1998 ஏப்ரல் 9, பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங், 40.1 டிகிரி செல்சியஸ். ஆகவே சராசரிக் காற்றை வைத்து எதையும் முடிவு செய்வதில்லை என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். நன்றாகக் காற்றடிக்கும் நாளில் எந்த வரைபடமும் தேறிவிடும். காற்று மெலிந்த நாளில் தேறுகிறதா என்று பார்க்க வேண்டும். 10 மீட்டர் உயரத்தில் வினாடிக்கு 3 மீட்டர், 1 மீட்டர் என்று இரண்டு வேகங்களை எடுத்துக்கொண்டேன். இந்த வேலையில் நான் எடுத்த முடிவுகளில் இதையே முக்கியமானதாக நினைக்கிறேன்.

நகரத் திட்டமிடலில் காற்றைக் கணக்கில் சேர்ப்பது புதிய யோசனை இல்லை. பள்ளத்தாக்கில் கிடக்கும் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம் 1938-லேயே வானிலை அறிஞர் ஒருவரை வேலைக்கு வைத்தது. மலைச்சரிவிலிருந்து இரவில் இறங்கும் குளிர்காற்றின் பாதையை மறித்துக் கட்டடம் வராமல் அங்கே இன்றும் பார்த்துக்கொள்கிறார்கள். ஹாங்காங்கில் 2003-இல் சார்ஸ் நோய் பரவிய பிறகு நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே காற்றோட்டம் பற்றிய கேள்வி பெரிதாக எழுந்து, 2006-இல் பெரிய அரசுத் திட்டங்களுக்குக் காற்றோட்ட மதிப்பீட்டுக்கான வழிமுறை வந்தது. அங்கே பயன்படுத்தும் அளவுகோலைத்தான் நானும் எடுத்துக்கொண்டேன். அதன் பெயர் வேக விகிதம். மனிதர்கள் நடமாடும் உயரத்தில் இருக்கும் வேகத்தை, கட்டடங்களின் பாதிப்பு எட்டாத உயரத்தில் இருக்கும் வேகத்தால் வகுத்தால் வரும் எண். 0.3 என்றால் மேலே போகும் காற்றில் பத்தில் மூன்று பங்கு வேகம் கீழே கிடைக்கிறது என்று பொருள். சங்கத்தில் எவருக்கும் இதை இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம், அதுவே இதன் பலம்.

மலேசியாவிலும் 1970-களிலேயே பேராசிரியர் ஷாம் சானி கோலாலம்பூரின் நகர வெப்பத்தை அளக்கத் தொடங்கிவிட்டார். தோட்டப்புறப் பட்டணங்களுக்கு இப்படி யாரும் வந்து அளக்கட்டும் என்று காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது கட்டடங்களின் வடிவம். இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் தெருக்கள் இருந்தன, வீடுகள் இல்லை. செயற்கைக்கோள் படத்தை வைத்து கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளில் வரிசை வரிசையாக வரைந்து, லேசர் டேப் எடுத்துக்கொண்டு நடந்து உயரங்களைச் சரிபார்த்தேன். எல்லாம் ஒரு மாடி வரிசை வீடு, கூரை உச்சி 5 மீட்டர். வரைபடத்தில் தெரியாத சேர்க்கைகளைத்தான் நடந்து போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. முன்வாசலில் தகரக் கூரை நீண்டிருக்கும். பின்னால் சமையலறையைப் பின்சந்துக்குள் இழுத்திருப்பார்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. 20 அடி அகல மனையில் மூன்று தலைமுறை இருந்தால் வீடு நீளத்தான் செய்யும். ஆனால் காற்றுக்குத் தெரிவது அந்தச் சேர்க்கைகள்தான், நில அலுவலகத்தில் இருக்கும் வரைபடம் இல்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய ஆய்வு மிகவும் உதவியது. தெருவின் இருபுறக் கட்டட உயரத்தைத் தெருவின் அகலத்தால் வகுத்தால் வரும் எண், காற்று அந்தத் தெருவை எப்படி நடத்தும் என்று சொல்லிவிடும் என டிமோதி ஓக் 1988-இல் எழுதினார். 0.3-க்குக் கீழே என்றால் ஒவ்வொரு வரிசையையும் தாண்டிய காற்று மறுபடி தரைக்கு இறங்கி வரும். அதற்கு மேலே போனால் ஒரு வரிசையின் பின்சுழல் அடுத்த வரிசையில் போய் மோதும். ஏறத்தாழ 0.65, 0.7-ஐத் தாண்டினால் காற்று கூரைக்குக் கூரை வழுக்கிக்கொண்டு போய்விடும், கீழே இருக்கும் காற்று பானைக்கு மூடி போட்டதுபோல் அங்கேயே கிடந்து சுழலும். எங்கள் முன்தெருவில் வீட்டுக்கு வீடு 24 மீட்டர், ஆகவே 0.2, பிரச்சினை இல்லை. முன்கூரைகளை நீட்டிய பிறகு திறந்திருப்பது 12 மீட்டர்தான், அது 0.4 ஆகிவிடுகிறது. பின்சந்து 6 மீட்டர், ஆகவே 0.8. கணினியைத் தொடுவதற்கு முன்பே, டேப்பும் பென்சிலும் வைத்து, சிக்கல் பின்சந்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கணினி இல்லாதவர்கள் இந்த ஒரு வகுத்தலை மட்டுமாவது தங்கள் தெருவுக்குப் போட்டுப் பாருங்கள்.

கணக்குக்கு ஓப்பன்ஃபோம். இடத்தைச் செல் என்னும் சிறு கட்டங்களாக வலைபோல் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்று எப்படி ஓடும் என்று அது கணக்கிடும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிறந்த நிரல், 2004-இல் திறந்த மூலமாக வெளிவந்தது. வீடுகளை பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் பெட்டிகளாக உயர்த்தி, வடிவத்தைச் சொல்லும் எஸ்டிஎல் கோப்பாக்கினேன். கூரைச் சரிவு வேண்டும், ஓட்டு வரிசை வேண்டாம். அரை மீட்டருக்குக் குறைவான எதையும் வைத்துக்கொள்ளவில்லை: தண்ணீர்த் தொட்டி, ஆஸ்ட்ரோ தட்டு, பூந்தொட்டி எல்லாம் போய்விட்டன. நீட்டிய இரண்டு சமையலறைகளுக்கு நடுவே கையளவு இடைவெளி இருந்தால் அதை அடைத்துவிடுங்கள். அந்த இடைவெளியில் காற்று ஓடுவதில்லை, ஆனால் செல்களைப் பிரித்துத் தரும் ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ் கருவி அங்கே போய்க் கோணல்மாணலாக வலை பின்னிக்கொண்டு கணக்கையே கவிழ்த்துவிடும். எஸ்டிஎல் மேற்பரப்பில் ஓட்டை இருக்கிறதா என்று சர்ஃபேஸ்செக் கட்டளையில் ஒருமுறை பார்த்துவிட்டு மேலே போவது நல்லது.

கணக்கில் சேர்க்கும் காற்றுவெளியின் எல்லையான கணக்குப் பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு ஜப்பான் கட்டடக்கலைக் கழகம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டியும் ஐரோப்பாவின் காஸ்ட் 732 வழிகாட்டியும் இருக்கின்றன. மிக உயரமான கட்டடத்தின் உயரத்தை ஓர் அலகாக வைத்து, காற்று நுழையும் பக்கமும் இரு ஓரங்களிலும் 5 அலகு, வெளியேறும் பக்கம் 15 அலகு, மேலே 5 அலகு இடம் விடு என்பது பரவலாக வழங்கும் விதி. எங்களுக்கு அது மண்டபம், 10 மீட்டர். அந்த விதிப்படி 350 மீட்டர் அகலம், 60 மீட்டர் உயரம் உள்ள பெட்டி போதும் என்று வருகிறது. தாழ்ந்து பரந்த வீடமைப்புப் பகுதிக்கு இது போதாது, கவனமாக இருங்கள். காற்றை எதிர்கொள்ளும் கட்டடங்களின் முகப்புப் பரப்பு பெட்டியின் குறுக்குவெட்டில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று இன்னொரு விதி இருக்கிறது. எங்கள் தாமான் 250 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம், அத்துடன் மண்டபத்தையும் சேர்த்தால் 1,400 சதுர மீட்டர். 350-க்கு 60 பெட்டியில் அது 6.7 விழுக்காடு. காற்று ஒதுங்கிப் போக இடமில்லாமல் பிதுங்கி ஓடி, உண்மையில் இல்லாத வேகத்தைக் காட்டும். 400-க்கு 120 என்று பெரிதாக்கியதும் 2.9-க்கு இறங்கியது.

வலையின் நுணுக்கம் இன்னொன்று. மனித உயரமான 1.5 மீட்டர், தரையிலிருந்து மூன்றாவது அல்லது நான்காவது செல்லில் விழ வேண்டும். ஆகவே வீடுகளைச் சுற்றி அரை மீட்டர் செல். 6 மீட்டர் பின்சந்தின் குறுக்கே 12 செல் கிடைக்கிறது, பத்து இருந்தாலே போதும். 250-க்கு 250 மீட்டர் பரப்பில் 10 மீட்டர் உயரம் வரை இப்படிப் போட்டால் 50 லட்சம் செல், சுற்றுப்புறத்துக்கு இன்னும் கொஞ்சம். பத்து லட்சம் செல்லுக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி நினைவகம் என்று வைத்துக்கொண்டால் 16 ஜிபி கணினியே தாங்கும்.

வீடுகளை வைக்கும் முன்பு வெற்றுப் பெட்டியில் காற்றை ஓட்டிப் பாருங்கள். நுழையும்போது கொடுத்த வேக வளைவு (உயரத்துக்கு ஏற்ப வேகம் கூடும் விதம்), வீடுகள் வர வேண்டிய இடத்தை அடையும்போதும் அப்படியே இருக்க வேண்டும். தரையின் சொரசொரப்பும் நுழைவாயிலில் கொடுத்த சொரசொரப்பும் ஒத்துப்போகாவிட்டால் வளைவு வழியிலேயே உருமாறிவிடும், பிறகு வரும் எண்கள் எதையும் நம்ப முடியாது. ஓப்பன்ஃபோமில் தரைக்கான வளிமண்டலச் சுவர்ச் சார்பில் தரை காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் சொரசொரப்பு நீளத்தை நேரடியாகக் கொடுக்கலாம். இரண்டு இடத்திலும் ஒரே எண்.

அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது? இங்கேதான் செம்பனை வருகிறது. வெளிநாட்டுப் பாடங்களில் புல்வெளிக்கும் புறநகருக்கும் கொடுத்திருக்கும் எண்களை அப்படியே போட்டால் எங்கள் ஊருக்குப் பொருந்தாது. அடர்ந்த மரக்கூட்டத்துக்குப் பொதுவாக உயரத்தில் பத்தில் ஒரு பங்கைச் சொரசொரப்பு நீளமாகவும், பத்தில் ஏழு பங்கைக் காற்றின் தரைமட்டம் மேலே தூக்கப்படும் உயரமாகவும் கொள்வார்கள். 12 மீட்டர் வளர்ந்த செம்பனைக்கு 1.2 மீட்டரும் 8.4 மீட்டரும் வரும். அதாவது காற்றைப் பொறுத்தவரை தரையே 8 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காடு முடிந்து திடல் தொடங்கும் இடத்தில் காற்று அங்கிருந்து கீழே இறங்க வேண்டும். இறங்கக் கொஞ்சம் தூரம் வேண்டும். அந்தத் தூரத்தைத்தான் எங்கள் திடல் தருகிறது.

திடலை ஒட்டிய செம்பனைகளை மட்டும் நுண்துளைப் பகுதியாக, அதாவது காற்று தடைபட்டு ஊடுருவும் பகுதியாக, வைத்தேன். மட்டைகள் இருக்கும் மேல் 5 மீட்டரில் இலைப்பரப்பு அடர்த்தி கனமீட்டருக்கு 1 சதுர மீட்டர், இழுவைக் கெழு 0.2. ஓப்பன்ஃபோமில் இந்தத் தடையைக் குறிக்கும் ஃபோர்க்ஹைமர் கெழுவில் சூத்திரத்திலேயே ஒரு பாதி இருப்பதால் இரண்டையும் பெருக்கி அதை இருமடங்காக்க வேண்டும்: 0.4. அடிமரப் பகுதியில் தடை மிகக் குறைவு. முடிவுகளைப் படமாகக் காட்டும் பாராவியூவில் வெட்டுமுகத்தைத் திறந்தபோது மட்டைகளுக்குக் கீழே, அடிமரங்களுக்கு நடுவே, மெல்லிய காற்று ஒன்று ஊர்ந்து திடலுக்கு வருவது தெரிந்தது. பழம் வெட்டும் மாமா ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். "பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) முடிஞ்சு காட்டுக்குள்ள போனா காலுக்குக் கீழ காத்து வரும், தலைக்கு மேல வராது. அதத்தான் இது காட்டுது," என்றார். செம்பனைக்கு அடியில் புதர் மண்டினால் அந்தக் காற்றும் நின்றுவிடும் என்பதும் அவர் சொன்னதே.

இனி வெப்பம். காற்று வேகத்தை மட்டும் கணக்கிட்டால் போதுமா, சூட்டால் எழும் காற்றையும் சேர்க்க வேண்டுமா என்பதை முடிவுசெய்ய ரிச்சர்ட்சன் எண் போதும். புவியீர்ப்பு, வெப்ப வேறுபாடு, உயரம் மூன்றையும் பெருக்கி, கெல்வினில் காற்றின் வெப்பநிலையாலும் வேகத்தின் வர்க்கத்தாலும் வகுக்க வேண்டும். 10 டிகிரி வேறுபாடு, 5 மீட்டர் உயரம், 305 கெல்வின். வேகம் வினாடிக்கு 3 மீட்டர் என்றால் 0.18, சூட்டை ஒதுக்கிவிடலாம். 1 மீட்டர் என்றால் 1.6, ஒதுக்கவே முடியாது. மெலிந்த காற்று நாளில் கட்டடமும் தார் ரோடும் சேர்ந்தே காற்றை ஓட்டுகின்றன. அதனால் ஓப்பன்ஃபோமில் 3 மீட்டருக்குச் சூட்டைச் சேர்க்காத சிம்பிள்ஃபோம் நிரல், 1 மீட்டருக்குச் சூடான காற்று மேலெழும் மிதப்புவிசையைச் சேர்த்த போயன்ட் வகை நிரல்.

பரப்புகளின் வெப்பநிலையை அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து நேரடியாகக் கொடுத்தேன். பிற்பகலில் தார் ரோடு 50 டிகிரியைத் தாண்டுகிறது. தகரக் கூரையை அளக்கும்போது எச்சரிக்கை வேண்டும். புதுத் தகரம் பளபளப்பானது, தன் சூட்டைக் கதிராக வெளிவிடுவது மிகக் குறைவு, பெரும்பாலும் வானத்தைப் பிரதிபலித்துக் காட்டும். கருவி குறைவான எண்ணைக் காட்டும், கையை வைத்தால் சுட்டுவிடும். கறுப்பு மின்நாடா ஒரு துண்டை ஒட்டி, சில நிமிடம் விட்டு, நாடாவின் மேல் குறிவைத்து அளக்க வேண்டும். ஏணியில் நின்றபடி அதே கூரையில் நாடாவையும் வெற்றுத் தகரத்தையும் மாற்றி மாற்றி அளந்தபோது வந்த வித்தியாசத்தைப் பார்த்தால், அகச்சிவப்பு எண்களை இனி யாரும் கண்மூடி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மிதப்புவிசை சேர்ந்த கணக்கு சமநிலைக்கு வந்து நிற்காது, ஒவ்வொரு சுற்றிலும் கணக்கில் மிஞ்சும் எச்சப்பிழை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். காற்றே உண்மையில் அப்படித்தான் அலைகிறது. எச்சப்பிழையை விட்டுவிட்டு, சந்துகளிலும் வாசல்களிலும் கண்காணிப்புப் புள்ளிகள் வைத்து, கடைசிச் சில ஆயிரம் சுற்றுகளின் சராசரியை எடுத்தேன். கணக்கு முறையில் தொடக்கத்தில் எளிய முதல்வரிசைத் திட்டம், பிறகு துல்லியம் கூடிய இரண்டாம்வரிசை. இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

இப்போது மண்டபம். மூன்று அமைப்புகளை ஓட்டினேன்: வரைபடத்தில் உள்ளபடி நீளப் பக்கம் மேற்கு நோக்கி, அதே இடத்தில் 90 பாகை திருப்பி அகலப் பக்கம் மேற்கு நோக்கி, திடலின் வடக்கு மூலைக்குத் தள்ளி.

வரைபடத்தில் உள்ளபடி வைத்தால் மண்டபத்துக்கு நேர் பின்னால் இருக்கும் முதல் இரண்டு வரிசைகளின் முன்தெருவில் வேக விகிதம் இப்போது இருப்பதில் ஏறக்குறைய பாதியாகிறது. மூன்றாவது வரிசையிலும் குறைகிறது. திருப்பி வைத்தால் முதல் வரிசையில் மட்டும், மண்டபத்தின் நேர் நிழலில் இருக்கும் சில வீடுகளுக்குக் குறைகிறது. இரு ஓரங்களிலும் காற்று வளைந்து உள்ளே போய்விடுகிறது. வடக்கு மூலைக்குத் தள்ளினால் வித்தியாசம் தேடிப் பார்க்க வேண்டிய அளவுதான். காற்றின் கொந்தளிப்பைக் கணக்கிடும் கே-எப்சிலான் வகை மாதிரிகள் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் தேக்கப் பகுதியில் வேகத்தை உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் என்பது தெரிந்த விஷயம். அதனால் இந்த எண்களை "இங்கே இவ்வளவு காற்று வரும்" என்று படிக்கக் கூடாது, ஓர் அமைப்பை இன்னொன்றோடு ஒப்பிட மட்டும் பயன்படுத்த வேண்டும். ஒப்பீட்டில் தரவரிசை மாறவில்லை. 3 மீட்டரிலும் 1 மீட்டரிலும் அதே முதலிடம், அதே கடைசி இடம்.

நான் வடக்கு மூலைக்காகத்தான் வாதாட நினைத்தேன். அங்கே பெரிய கால்வாய்க்கான ஒதுக்கு நிலம் குறுக்கே வருகிறது என்பது கூட்டத்தில் தெரிந்தது. ஆகவே திருப்பி வைக்கும் அமைப்பு. மேடையும் வாசலும் இடம் மாறும், வண்டி நிறுத்தும் இடம் கொஞ்சம் சுருங்கும், மேற்கு வெயில் நீளச் சுவரில் விழாமல் போவது கூடுதல் லாபம். வரிசைகள் நீலமும் சிவப்புமாக இருக்கும் மூன்று படங்களை ஒரே தாளில் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். தலைவர் தன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து விரலை வைத்தார். பக்கத்தில் இருந்தவர்களும் தங்கள் வீட்டைத் தேடினார்கள். அதன்பிறகு நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. வரைபடத்தைத் திருத்தி அனுப்ப முடிவானது.

பின்சந்துக்கு வருகிறேன். என் கணக்கில் மண்டபத்தைவிட எனக்கு முக்கியமாகப்பட்டது இதுதான். மண்டபம் இன்னும் வரவில்லை, பின்சந்தின் சூடு இன்றைக்கே இருக்கிறது. ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் அறையிலிருந்து சுமார் 2.6 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது, தான் தின்னும் மின்சாரத்தையும் சேர்த்து ஏறத்தாழ 3.4 கிலோவாட்டை வெளியே தள்ளுகிறது. எங்கள் வீடுகளில் வெளிப்பெட்டி எல்லாம் பின்சுவரில், ஆள் உயரத்தில். இருபுறமும் சேர்த்து 20 பெட்டிகள் ஓடினால் 68 கிலோவாட். சந்தின் குறுக்குவெட்டு 30 சதுர மீட்டர். அதில் காற்று வினாடிக்கு 0.3 மீட்டர் நீளவாக்கில் ஓடி, மேலே எதுவும் கலக்கவில்லை என்று வைத்தால், ஒரு முனையில் நுழைந்த காற்று மறுமுனையில் 6 டிகிரி கூடுதல் சூட்டோடு வெளியேறும். 1 மீட்டர் வேகத்தில் ஓடினால் 2 டிகிரிக்குக் கீழே. உண்மையில் மேலேயும் கொஞ்சம் கலக்கும், எண்கள் இதைவிடக் குறையும். ஆனால் திசை தெளிவு: வேகம் குறைந்தால் ஒவ்வொரு ஏர்கோனும் அடுத்த வீட்டு ஏர்கோனின் சூட்டைக் குடித்துக்கொண்டு இன்னும் அதிக மின்சாரம் தின்னும். ஏர்கோன் வாங்க முடியாமல் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் வீட்டுக்குள் அந்தச் சூடு முழுவதும் போகும். அந்த வீடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த முதியவர்கள். இதை நினைக்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

எங்கள் சந்துகளில் இரண்டின் தெற்கு முனை தகரம் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. கணக்கில் அந்தத் தகரத்தை எடுத்துவிட்டு ஓட்டியபோது சந்து முழுக்க நிறம் மாறியது. கடற்காற்று நேர் மேற்கிலிருந்து கொஞ்சம் தெற்கே சாயும் நாட்களில் சந்துக்குள் நுழைய அந்த முனைதான் வழி. எடுக்கலாமா என்று கேட்டதற்கு முனைவீட்டு அக்கா, "எடுத்தா கள்ளன் வந்துடுவான் தம்பி. என் கேஸ் தோம்பு ஏற்கெனவே ஒண்ணு போயிடுச்சு," என்றார். அவர் பயம் உண்மையானது. தகரத்துக்குப் பதில் பிஆர்சி கம்பிவலை போட்டுப் பூட்டு வைத்த கதவாக்கலாம் என்று பேசி, நாலு வீடு சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டோம்.

கணினி சொல்வதை நேரில் பார்க்கச் சாம்பிராணியைப் பயன்படுத்தினேன். மலிவான காற்றாடி வேகமானிகள் வினாடிக்கு 0.4, 0.5 மீட்டருக்குக் கீழே சுழலவே தொடங்காது. சந்துக்குள் இருப்பதே அந்த அளவு காற்றுதான். சுவரில் ஒரு மீட்டருக்கு ஒரு சாக்குக் கோடு போட்டு, கரண்டியில் தணலை வைத்து, சாம்பிராணியைத் தூவி, புகை ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போகும் நேரத்தைக் கைபேசியில் எண்ணினோம். தகரம் இருந்தபோது புகை நேராக எழுந்து, கூரை விளிம்பு வரை போய், அங்கே மேலே ஓடும் காற்றில் மடங்கி எதிர்ச்சுவர் வழியாக மறுபடி கீழே இறங்கியது. ஓக் வரைந்த சுழல் அப்படியே கண்முன்னால் நின்றது. சுழலின் அடியில் ஏர்கோன் பெட்டிகள் இருந்தன. கம்பிவலை வந்த பிறகு, அதேபோன்ற ஒரு பிற்பகலில், புகை சாய்ந்து வடக்கே நகர்ந்தது, கோட்டுக்குக் கோடு மூன்று வினாடிக்குள். அக்கா தன் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு புகையைப் பார்த்தார். "இது இப்ப என் வீட்டுக்குள்ள வராம அங்கிட்டுப் போவுதே," என்றார். அதுதான் வேண்டியது.

ஏர்கோன் பெட்டிகளைக் கூரை விளிம்புக்கு மேலே ஏற்றினால் என்ன ஆகும் என்றும் ஓட்டிப் பார்த்தேன். சூடு சந்துக்குள் இறங்காமல் மேலே வழுக்கிப் போகும் காற்றோடு போய்விடுகிறது. புதிதாக ஏர்கோன் மாட்டுபவர்களிடம் இதைச் சொல்லி வருகிறோம். செப்புக் குழாய்க்குக் கூடுதல் செலவு உண்டு, சர்வீஸ் பண்ண ஏணி வேண்டும். ஆகவே எல்லாரும் செய்வார்கள் என்று எதிர்பார்க்கவில்லை, புதிதாக மாட்டுகிற பெட்டியாவது மேலே போனால் போதும்.

மரம் நடுவதைப் பற்றியும் கேட்டார்கள். நிழல் வேண்டும், அதில் சந்தேகமே வேண்டாம். நல்ல காற்று இருந்தும் தலைக்கு மேல் வெயில் அடித்தால் யாரும் வெளியே நிற்க மாட்டார்கள். ஆனால் திடலின் மேற்கு ஓரத்தில் தாழக் கிளைவிடும் மரங்களை நெருக்கி நட்டால் மண்டபம் செய்யவிருந்த வேலையை மரம் செய்துவிடும். அடிமரம் உயர்ந்து, குடை மேலே விரியும் மரமாக, இடைவெளி விட்டு, தெருவோரத்தில் நட வேண்டும். நட்டபின் கீழ்க்கிளைகளை ஆள் உயரத்துக்கு மேல் கழித்துவிட வேண்டும்.

இன்னும் ஒரு கணக்கு பாக்கி. செம்பனைக்கு ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவு. திடலுக்கு மேற்கே இருக்கும் பகுதி முற்றிய மரம், அது ஒருநாள் சாயும். சாய்ந்ததும் சில ஆண்டுகளுக்குத் தாமானுக்குள் காற்று தாராளமாக வரும், பிறகு கன்றுகள் உயர உயரக் குறையும். அந்த நல்ல காற்று வரும் ஆண்டுகளில் யாராவது வந்து அளந்துவிட்டு, இங்கே காற்றுக்குக் குறைவே இல்லை என்று சொல்லித் திடலில் இன்னொரு கட்டடத்துக்கு அனுமதி கொடுத்துவிடக் கூடாது. ஆகவே 2 மீட்டர் கன்று, 6 மீட்டர், 12 மீட்டர் என்று மூன்று உயரங்களுக்கும், வினாடிக்கு 1 மீட்டர் காற்றில், மண்டபம் திருப்பி வைத்த அமைப்பையே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். முடிவுகள் வந்ததும் அவற்றையும் மண்டபக் கோப்பிலேயே சேர்த்து நகராண்மைக் கழகத்திடம் கொடுக்கச் சங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது.